கைக்காப்பு பன்னிரண்டு

1

சென்ற வாரம் தோஹாவிலிருந்து எனக்கு ஒரு தபால் உறை வந்தது. அனுப்பியவர் ஒகாவா என்னும் ஜப்பானியர். கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகளில் பொறியாளர். வயது அறுபதை ஒட்டியிருக்கும். உறைக்குள் அஞ்சலட்டை அளவில் ஒரு புகைப்படம் இருந்தது. வெள்ளைத் துணியின்மேல் கறுத்த இரும்புத் தகடு ஒன்று. வட்டம், குறுக்களவு என் நடுவிரல் நீளம் இருக்கும். தகட்டுக்குள் இரண்டு காட்டு வாத்துகள் பறக்கின்றன. வாத்துகளைச் சுற்றியிருந்த இரும்பை அறுத்து எடுத்துவிட்டு வாத்துகளை மட்டும் விட்டிருக்கிறார்கள். வட்டத்தின் நடுவில் நீண்ட முக்கோண வடிவில் ஒரு துளை. கத்தி அதன் வழியாகத்தான் போகும்.

படத்தின் பின்பக்கத்தில் ஆங்கிலத்தில் மூன்று வரிகள் எழுதியிருந்தார். தோஹா வந்து ஓராண்டு நிறைந்தது. பன்னிரண்டும் கீறல் இல்லாமல் இருக்கின்றன. பெட்டியைக் கட்டியவரிடம் இந்தப் படத்தைக் காட்டி என் நன்றியைச் சொல்லுங்கள்.

பெட்டியைக் கட்டியவர் இப்போது இங்கே இல்லை. ஏன் இல்லை என்பதை ஒகாவாவுக்கு நான் எழுதவில்லை. ஊரில் இருப்பவர்கள் படிப்பதற்காக இங்கே எழுதுகிறேன். அவரைக் கருப்பையா என்று குறிப்பிடுகிறேன். அது அவருடைய பெயர் அல்ல. தேவகோட்டைப் பக்கத்துக்காரர் என்பது மட்டும் உண்மை.

துபாய்க்கு வந்த நாளிலிருந்து டைரி எழுதுகிறேன். நாளுக்கு ஒரு பக்கம். இடது ஓரத்தில் நேரம், வலப்பக்கத்தில் நடந்தது. கருத்துகள் எழுதுவதில்லை. கீழே வரும் நாட்களும் நேரங்களும் அதிலிருந்து எடுத்தவை. நினைவிலிருந்து எழுதினால் எனக்குச் சாதகமாக எழுதிவிடுவேன்.

2

பொருட்களைப் பெட்டி கட்டி நாடுவிட்டு நாடு அனுப்பும் சிறிய நிறுவனம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். அலுவலகம் பர் துபாயில், கிடங்கு அல்கூஸில். அலுவலகத்தில் காகிதங்கள் என் பொறுப்பு. கிடங்கில் பெட்டி கட்டுவதற்குத் தலைமையாக இருந்தவர் கருப்பையா. என்னைவிட இரண்டு வயது மூத்தவர். பதினான்கு ஆண்டுகள் அந்த ஒரே கிடங்கில் இருந்தார்.

ஒகாவா எங்கள் அலுவலகத்துக்கு வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை, ஒன்பதே முக்கால் மணிக்கு. கையில் தேக்கு நிறத்தில் தட்டையான மரப்பெட்டி. அவரே திறந்து காட்டினார். உள்ளே பட்டுத் துணி ஒட்டிய பன்னிரண்டு குழிகள். குழிக்கு ஒரு இரும்புத் தகடு. சிலவற்றில் கொக்கு, சிலவற்றில் அலை, ஒன்றில் செவ்வந்திப் பூ. ஒன்றின் ஓரத்தில் மட்டும் நெல்மணியின் பாதி அளவுக்குத் தங்கம் பதித்திருந்தது.

“இவை என்ன?” என்று கேட்டேன்.

“ட்சுபா. ஜப்பானிய வாளில் கைப்பிடிக்கும் அலகுக்கும் நடுவில் இருக்கும் தட்டு. கையைக் காப்பது.”

“எதிரியின் வெட்டிலிருந்தா?”

“அதற்கும்தான். ஆனால் குத்தும்போது பிடித்த கை வழுக்கி முன்னால் போகும். தன் வாளே தன் விரலை அறுக்கும். முக்கியமாக அதற்குத்தான்.” பிறகு சிரித்தார். “என்னிடம் வாள் கிடையாது. ஒருநாளும் இருந்ததில்லை. சண்டை நின்ற பிறகு, இருநூறு முந்நூறு வருடம், இதை அழகுக்காகவே செய்தார்கள். நான் அழகை மட்டும் வாங்கினேன்.”

அவருக்குத் தோஹாவில் வேலை மாற்றம். வீட்டுச் சாமான்களோடு இந்தப் பெட்டியும் போக வேண்டும். காகிதத்தில் ‘வாள்’ என்ற சொல் ஏறினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். ஆயுதம் என்பார்கள்; காவல்துறை அனுமதி கேட்பார்கள்; மாதக்கணக்கில் இழுக்கும். அதை அவரிடம் சொன்னேன். “வாள் என்று எழுத வேண்டாம். கைக்காப்பு, அலங்காரப் பொருள், இரும்பு என்று போடுகிறேன். பொய் இல்லை.”

அவர் சற்று யோசித்தார். “பொய் இல்லை” என்று திருப்பிச் சொன்னார். கையெழுத்துப் போட்டுவிட்டு, பெட்டியைக் கருப்பையாவிடம் தானே கொடுப்பதற்காக அல்கூஸ் கிடங்குக்குப் போனார்.

அந்தச் சொல்லைக் கண்டுபிடித்ததில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. டைரியில் கருத்து எழுதாததால் அது டைரியில் இல்லை.

3

எங்கள் அலுவலகத்தில் அரபியில் தட்டச்சு செய்பவர் அந்த வாரம் விடுப்பில் இருந்தார். அப்படியான நாட்களில் கிடங்குக்குப் பக்கத்தில் இருக்கும் டைப்பிங் கடைக்குக் கருப்பையாவை அனுப்புவது வழக்கம். இங்கே தெருவுக்கு ஒரு டைப்பிங் கடை உண்டு. விசா, வாடகை, கல்யாணம், எதுவானாலும் அரபியில் அடித்துக் கொடுப்பார்கள்.

10.40 மணிக்குக் கருப்பையாவைத் தொலைபேசியில் கூப்பிட்டேன். அவருக்கு ஆங்கிலம் வராது. அதனால் தமிழில் சொன்னேன். டைரியில் அப்படியே இருக்கிறது: “கருப்பையாவிடம் போன். அலங்காரக் கைக்காப்பு, இரும்பு, 12. டைப் செய்து கையெழுத்திட்டு மாலைக்குள் அனுப்பச் சொன்னேன்.”

“ஜப்பான்காரர் பொட்டி தானே சார்? அந்தத் தட்டுக்குப் பேரு என்னமோ சொன்னாரே?”

“ட்சுபா.”

“சுபாவா? நல்ல பேரா இருக்கு. சரி சார், பன்னெண்டு சுபாவையும் பத்திரமா அனுப்பி வைக்கிறேன்.”

டைப்பிங் கடையில் இருந்தவர் பெஷாவர்க்காரர். அங்கே இந்தியில்தான் பேச வேண்டும். நடந்த பேச்சைக் கருப்பையா பின்னர் எனக்கு நடித்தே காட்டினார்.

“க்யா ஹை பாய்?”

“ஹாத் கா கடா. லோஹே கா. பாரா பீஸ்.”

“சஜாவட் வாலா?”

“அச்சா, அச்சா. சஜாவட் வாலா.”

கடா என்றால் இந்தியில் கையில் போடும் காப்பு; லோஹா இரும்பு, பாரா பன்னிரண்டு, சஜாவட் அலங்காரம். பெஷாவர்க்காரர் அதற்குச் சரியான அரபிச் சொல்லை அடித்தார். கருப்பையா கீழே தமிழில் கையெழுத்திட்டார்.

மாலை நான்கு மணிக்குக் காகிதம் என் மேசைக்கு வந்தது. பெட்டிகளின் எண்ணிக்கையைச் சரிபார்த்தேன். எடையைச் சரிபார்த்தேன். அரபி எண்கள் எனக்குப் படிக்க வரும்; பன்னிரண்டு என்பது பன்னிரண்டாகவே இருந்தது. ஒகாவாவின் பாஸ்போர்ட் எண்ணை எழுத்து எழுத்தாக ஒப்பிட்டேன். முத்திரை நேராக விழுந்திருக்கிறதா என்றும் பார்த்தேன். பொருளின் பெயர் இருந்த வரியை எனக்குப் படிக்கத் தெரியாது. பதினேழு ஆண்டுகள் இந்த நாட்டில் இருந்தும் தெரியாது. அதைக் கடந்து கீழே என் சுருக்கொப்பத்தைப் போட்டேன்.

இங்கே வருவதற்கு முன் திருச்சியில் நான்கு ஆண்டுகள் ஒரு பத்திர எழுத்தரிடம் வேலை பார்த்தேன். அங்கே எவ்வளவு கூட்டம் இருந்தாலும், கையெழுத்துக்கு முன் பத்திரம் முழுவதையும் இரு தரப்புக்கும் உரக்கப் படித்துக் காட்டுவது என் வேலை. தொண்டை வறண்டு போகும். எழுதப் படிக்கத் தெரிந்தவர்களுக்கும் படிக்க வேண்டும். ஒருமுறை ‘மேற்கு’ என்று எழுதியிருந்ததைக் கேட்டு ஒரு கிழவர், “எங்க வேலிக்கு அந்தப் பக்கம் சூரியன் உதிக்கிறதுய்யா” என்றார். திருத்தினோம். துபாயில் யாரும் யாருக்கும் எதையும் படித்துக் காட்டுவதில்லை. எல்லோரும் கையெழுத்திடுகிறோம்.

4

மூன்று வாரம் கழித்து, ஒரு திங்கட்கிழமை, தோஹாவிலிருந்து மின்னஞ்சல் வந்தது. பெட்டியைச் சுங்கத்தில் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். காகிதத்தில் ஒன்று இருக்கிறது, பெட்டியில் வேறொன்று இருக்கிறது. இருப்பவை வாளின் பாகங்கள் என்று ஐயப்படுகிறார்கள். தவறான விவரத்தைக் கொடுத்தவர் யார், அவர்மேல் நிறுவனம் என்ன நடவடிக்கை எடுத்தது என்பதை எழுத்தில் தெரிவிக்க வேண்டும்.

எங்கள் மேனேஜர் மாத்யூ, கோட்டயத்துக்காரர். கெட்டவர் அல்ல. ஆனால் அவசரக்காரர். “எனிக்கு ஒரு பேர் வேணும் சாரே. வியாழன் உள்ளே பதில் போகணும்” என்றார்.

காகிதத்தில் வேறொன்று இருக்கிறது என்றால் என்ன இருக்கிறது? டைப்பிங் கடைக்காரர்தான் ஏதோ பிழை செய்திருக்க வேண்டும் என்று நினைத்தேன். செவ்வாய்க்கிழமை மாலை காகிதத்தின் நகலை வீட்டுக்கு எடுத்துப் போனேன்.

என் மகள் நிவேதா அப்போது ஒன்பதாம் வகுப்பு. இங்கே பள்ளியில் அரபி கட்டாயப் பாடம். தமிழ் அவளுக்குப் பேச வரும். அதுவும் கேள்விக்குப் பதிலாக. தானாக ஒன்றைத் தொடங்கினால் ஆங்கிலத்தில்தான் தொடங்குவாள். ஊருக்குப் போகும்போது பேருந்தின் பெயர்ப்பலகையை அவள் எழுத்துக்கூட்டிப் படித்து முடிப்பதற்குள் பேருந்து போய்விடும். அரபியை அன்று ஒரே மூச்சில் படித்தாள்.

“அசாவிர். இட்ஸ் பேங்கிள்ஸ், அப்பா. அயர்ன் பேங்கிள்ஸ் ஃபார் டெக்கரேஷன். ட்வெல்வ்.”

“வளையலா? நன்றாகப் பார்.”

“ஐ பார்த்தேன்பா. அசாவிர்னா பேங்கிள்ஸ். எங்க புக்ல படம் இருக்கு.” புத்தகத்தை எடுத்து வந்து படத்தையும் காட்டினாள்.

“டைப்பிங் கடையில் தப்பாக அடித்திருக்கிறார்கள்” என்றேன்.

“நீங்க என்ன சொன்னீங்க அவங்ககிட்ட?”

டைரியை எடுத்தேன். அந்த நாளின் பக்கத்தைத் திருப்பி, 10.40க்கு எதிரே இருந்ததை உரக்கப் படித்தேன். அலங்காரக் கைக்காப்பு, இரும்பு, பன்னிரண்டு.

சமையலறையிலிருந்து என் மனைவி கல்யாணி எட்டிப் பார்த்தாள். “காப்புன்னா வளையல்தானே? நிவிக்கு முதல் பொறந்தநாளுக்கு உங்கம்மா போட்டாங்களே, வெள்ளிக் காப்பு. அது வேற என்னவாம்?”

காவல், பாதுகாப்பு என்ற பொருளில் அந்தச் சொல்லை நான் சொன்னேன். அந்தப் பொருளும் சரிதான். பழைய நூல்களில் தேடினால் கிடைக்கும். ஆனால் தமிழ்நாட்டில் எந்த வீட்டு வாசலில் நின்று ‘கைக்காப்பு’ என்று கூப்பிட்டாலும், ஒருவருக்கும் வாள் நினைவுக்கு வராது. ‘ஹேண்ட் கார்டு’ என்ற ஆங்கிலச் சொல்லைப் பிரித்து எனக்கு நானே ஒரு தமிழ்ச் சொல் செய்துகொண்டேன். கருப்பையா அதைத் தமிழாகவே கேட்டார்.

“ஸோ இட்ஸ் நாட் ஹிஸ் மிஸ்டேக்” என்றாள் நிவேதா.

“நாளைக்கு ஆபீஸில் சொல்ல வேண்டும்” என்றேன்.

கல்யாணி அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். “சொன்னா என்ன பண்ணுவாங்க?”

“தெரியவில்லை. நோட்டீஸ் கொடுக்கலாம். விசா கான்சல் ஆகலாம்.”

என் விசாவில்தான் அவர்கள் இருவரின் விசாவும் நின்றது. என்னுடையது ரத்தானால் ஒரு மாதத்துக்குள் மூவரும் கிளம்ப வேண்டும். நிவேதாவுக்கு அடுத்த ஆண்டு பத்தாம் வகுப்புப் பொதுத் தேர்வு. கல்யாணி இதையெல்லாம் வாயால் சொல்லவில்லை. “அவரும் பாத்தாரில்ல அந்தத் தட்ட? கை நுழையுமா நுழையாதான்னு தெரியாதா ஒருத்தருக்கு?” என்று மட்டும் கேட்டாள்.

அந்தக் கேள்வி எனக்குப் பிடித்திருந்தது என்பதையும் எழுத வேண்டும்.

5

புதன்கிழமை 11.00. மாத்யூவின் அறை. அல்கூஸிலிருந்து கருப்பையாவை வரவழைத்திருந்தார்கள். சட்டையை மாற்றி, தலை வாரி வந்திருந்தார். எனக்குப் பக்கத்து நாற்காலியில், அதன் விளிம்பில் உட்கார்ந்தார்.

மாத்யூ காகிதத்தைத் திருப்பி வைத்தார். “இது நின்டே சைன் அல்லே கருப்பையா?”

“ஆமா சார்.”

“இதுல வளையல்னு எழுதியிருக்கு. வளையல்னு யாரு பறஞ்சது?”

கருப்பையா என்னைப் பார்த்தார். ஒரு முறைதான், அதிக நேரமில்லை. நான் மேசைமேல் இருந்த காகிதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“நான்தான் சார் சொன்னேன். பாக்க காப்பு மாரி இருந்துச்சு.”

“இதுல கை போகுமோ? நீ இட்டு நோக்கியோ?”

“சாமிக்குப் போடுற காப்பா இருக்கும்னு நெனச்சேன் சார். அவுக ஊரு சாமி சின்னதா இருக்கும்ல.”

மாத்யூ சிரித்துவிட்டார். எனக்கும் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்போடு விஷயம் முடிந்துவிடும், இரண்டு வசவோடு அனுப்பிவிடுவார் என்று நம்பினேன். வாயைத் திறக்க எனக்கு ஒரு இடம் இருந்ததென்றால் அது அந்தச் சிரிப்பு முடிந்த இடம். நான் திறக்கவில்லை.

“ராமநாதன் சாரே, உங்களுக்கு ஒண்ணும் பறயான் இல்லையா?”

“இல்லை” என்றேன்.

டைரியில் அன்றைய பக்கத்தில் இருப்பது: “11.00 மாத்யூ அறை. கருப்பையா ஒப்புக்கொண்டார். 11.20 முடிந்தது.” ‘ஒப்புக்கொண்டார்’ என்ற சொல்லை என் கைதான் எழுதியது.

மாலை வீட்டுக்கு வந்ததும் நிவேதா கேட்டாள். “டிட் யூ டெல் தெம்?”

“நாளைக்குச் சொல்கிறேன்.”

“ஓகே” என்றாள். ஆங்கிலத்தில் அந்தச் சொல்லை ‘சரி’ என்ற பொருளில் மட்டுமே சொல்வார்கள் என்று அதுவரை நினைத்திருந்தேன். அவள் தட்டை எடுத்துக்கொண்டு தன் அறைக்குப் போய்ச் சாப்பிட்டாள்.

6

வியாழக்கிழமை 8.10. மாத்யூ வருவதற்கு முன்பே அவர் அறை வாசலில் நின்றேன். அவர் வந்ததும் டைரியை மேசையில் விரித்து, 10.40க்கு எதிரே விரலை வைத்து, அந்த வரியை முதலில் தமிழிலும் பிறகு ஆங்கிலத்திலும் படித்தேன். ‘கைக்காப்பு’ என்று சொன்னது நான். வாள் என்ற சொல்லைத் தவிர்க்கச் சொன்னதும் நான். அரபி வரியைப் படிக்காமல் சுருக்கொப்பம் போட்டதும் நான். எண் போட்டு மூன்றாகச் சொன்னேன்.

மாத்யூ டைரியைத் தன் பக்கம் திருப்பி, படிக்கத் தெரியாத தமிழையே சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“சாரே, இதை இன்னலே, நேத்தே சொல்லியிருந்நா மதியாயிருந்நு.”

நேற்று மாலை நான்கு மணிக்கே மந்தூப் கருப்பையாவின் விசாவை ரத்துசெய்யும் காகிதங்களைக் கொண்டுபோய்விட்டார். அரசு அலுவலகங்களுக்கு அலைவதற்கென்றே நிறுவனம் வைத்திருக்கும் ஆளுக்கு இங்கே மந்தூப் என்று பெயர். எங்கள் மந்தூப் எந்த வேலையையும் நாளை என்று தள்ளாதவர். மாத்யூ உடனே அவருக்குப் போன் செய்தார். ஒலிபெருக்கியில் போட்டதால் எனக்கும் கேட்டது.

“அந்தக் கான்சல் பேப்பரை நிறுத்து.”

“கலாஸ், முடிஞ்சது மாத்யூ பாய். ஸ்டாம்ப் விழுந்தாச்சு.”

“திருப்பி எடுக்க வழி இல்லையா?”

“மாஃபி, வழி இல்ல. புது விசா வேணும்னா புதுசாப் போடணும். ஆறு மாசம் திரும்பி வர முடியாதபடி பேன் இருக்கு. வயசும் ஐம்பது.”

மாத்யூ போனை வைத்தார். அரைமணி நேரத்தில் இன்னும் இரண்டு பேரைக் கேட்டுப் பார்த்தார். வழி இல்லை.

தோஹாவுக்குப் போக வேண்டிய விளக்கத்தை என் பெயரில் எழுதினேன். ‘வாள்’ என்ற சொல்லை இந்த முறை எழுதினேன். ஒகாவா ஒவ்வொரு தகட்டுக்கும் படமும் வரலாறும் கொடுத்தார். பன்னிரண்டு நாளில் பெட்டியை விட்டுவிட்டார்கள். ஆயுதம் அல்ல, கலைப்பொருள் என்று எழுதிக்கொண்டார்கள். முதலிலேயே அப்படி எழுதியிருந்தால் இரண்டு வாரம் தாமதமாகியிருக்கும், அவ்வளவுதான் என்று பின்னர் தெரிந்தது.

எனக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. காகிதங்களில் கையெழுத்திடும் உரிமை போனது. வேலை இருக்கிறது. நாங்கள் மூவரும் அதே வீட்டில் இருக்கிறோம். நிவேதா இந்த ஆண்டு பத்தாம் வகுப்பு எழுதிவிட்டாள்.

7

கருப்பையா கிளம்புவதற்கு இரண்டு நாள் முன், வெள்ளிக்கிழமை பகலில், அல்கூஸில் அவர் தங்கியிருந்த தொழிலாளர் கேம்ப்புக்குப் போனேன். அறையில் எட்டுக் கட்டில். மற்றவர்கள் துணி துவைக்கப் போயிருந்தார்கள். கருப்பையா தன் சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்தார். பிறர் வீட்டுப் பீங்கானைக் கட்டும் அதே முறையில் தன் பிளாஸ்டிக் டப்பாக்களையும் காகிதம் சுற்றி, இடைவெளியில் துணி திணித்து, அட்டைப் பெட்டியை ஒருமுறை குலுக்கிக் காதில் வைத்துக் கேட்டார்.

“வாங்க சார். டீ சொல்லவா?”

“வேண்டாம். கருப்பையா, ஏன் அன்றைக்கு என் பெயரைச் சொல்லவில்லை?”

“சொன்னா மட்டும்? ரெண்டு பேரும்ல மாட்டியிருப்போம்.” டேப்பைப் பல்லால் கடித்து அறுத்தார். “உள்ளதச் சொல்றேன் சார். வைவாய்ங்க, வைஞ்சிட்டுப் போகட்டும்னுதான் நெனச்சேன். ஊருக்கே அனுப்புவாய்ங்கன்னு நெனைக்கல. நெனச்சிருந்தா சொல்லியிருப்பேன்.”

“நான் சொல்லியிருக்க வேண்டும்.”

“ஆமா” என்றார். அதில் கோபம் இல்லை; ஒரு எண்ணைச் சரிபார்த்ததுபோல் இருந்தது. பிறகு அவரே சிரித்தார். “எங்க ஊருல மாரியம்மனுக்குக் காப்புக் கட்டிட்டா, திருவிழா முடியிறவரைக்கும் எவனும் எல்லையத் தாண்டக் கூடாது சார். இங்க என்னடான்னா, காப்புன்னு எழுதுனதுக்கு ஊருக்கே பத்திவிடுறாய்ங்க.”

எனக்குச் சிரிக்க வரவில்லை. “நான் ஏதாவது செய்ய முடியுமா?” என்று கேட்டேன். பணம் என்று நினைத்துக்கொள்வாரோ என்று பயந்தேன். அவர் அதை நினைக்கவே இல்லை.

“ஒரு லெட்டர் வேணும் சார். கம்பெனி குடுக்குறது இங்கிலீசுல இருக்கும், அத எவன் படிக்கிறது? தமிழ்ல எழுதிக் குடுங்க. வேலை முடிச்சுத் தானா வந்தான்னு இருக்கணும். அனுப்பி வச்சான்னு இருக்கக் கூடாது. ரெண்டு வருசம் கழிச்சு நானே முடிச்சுக்கிட்டுப் போறதாத்தான் இருந்தேன். வீட்டுலயும் நானா முடிச்சுக்கிட்டு வர்றேன்னுதான் சொல்லி வச்சிருக்கேன்.”

என் பையில் எப்போதும் வெள்ளைத்தாள் இருக்கும். அவர் கட்டிலில், அட்டைப்பெட்டியின் மேல் வைத்து எழுதினேன். பெயர், ஊர், வேலை பார்த்த ஆண்டுகள், செய்த வேலை. கடைசியில் இரண்டு வாக்கியங்கள் எழுதினேன்: “இவர் தாமாகவே பணியிலிருந்து விலகிச் செல்கிறார். இவர்மீது எந்தத் தவறும் இல்லை, தவறு என்னுடையது.” தாளை அவரிடம் கொடுத்தேன்.

அவர் ஜன்னல் பக்கம் திரும்பி, விரலால் வரிகளைத் தொட்டுக்கொண்டே மெதுவாகப் படித்தார். கடைசி வரியில் விரல் நின்றது.

“இது வேணாம் சார்.”

“உண்மை அதுதானே.”

“உண்மைதான். ஆனா எந்தத் தப்பும் இல்லைன்னு எழுதுனா, அப்ப என்ன தப்புடான்னு கேப்பாய்ங்க. தப்பு உங்களுதுன்னு எழுதுனா, அவன் தப்புக்கு ஒன்னைய ஏன்டா அனுப்புனான்னு கேப்பாய்ங்க. அந்த வார்த்தையே வேணாம்.” தாளைத் திருப்பிக் கொடுத்தார். “இது என் லெட்டர்தானே சார்.”

வேறு தாள் எடுத்தேன். மறுபடி முதலிலிருந்து எழுதினேன். அந்த வரிக்கு வந்ததும் நிறுத்தினேன். “இந்த இடத்தில் வேறு ஏதாவது எழுதட்டுமா?”

அவர் யோசித்தார். கொஞ்சம் வெட்கத்தோடு, “பதினாலு வருசத்துல நான் கட்டுன பொட்டியில ஒரு கிளாஸ்கூட ஒடஞ்சதில்ல. அத எழுதலாமா?” என்று கேட்டார்.

எழுதலாம் என்று எனக்குத் தெரியும். உடைந்த பொருட்களுக்கான புகார்க் கோப்பு என் அலமாரியில்தான் இருக்கிறது. அதில் அவர் கட்டிய பெட்டி ஒன்றுகூட இல்லை. எழுதினேன். கீழே கையெழுத்திட்டேன். அவர் மறுபடியும் விரல் வைத்துப் படித்தார். இந்த முறை விரல் எங்கும் நிற்கவில்லை.

முதல் தாளை அங்கேயே கிழித்துப் போடச் சொன்னார். கிழித்தேன். அவர் சொன்னது சரி. அந்த வரிக்கு அவருடைய கடிதத்தில் இடமில்லை. எனக்கு ஆறுதல் தேடித்தான் அதை அங்கே வைக்கப் பார்த்தேன். அவர் பெயரை மாற்றி, என் பெயரை மாற்றாமல், இங்கே வைக்கிறேன். தவறு என்னுடையது. செவ்வாய்க்கிழமை எனக்குத் தெரிந்ததை வியாழக்கிழமை சொன்னேன்.